மைனஸ் பதினெட்டு

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது. சோடா தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"மேடம், வர்றது ஒண்ணு கேஸு, இல்ல வீட்டு ஓனர். ஓனருக்கு மூட்டு வலி, இப்படி ஓட முடியாது. அதனால கேஸுதான்."

இன்ஸ்பெக்டரம்மா பேப்பரை மடித்து வைத்தாள். போலீஸ் உத்தியோகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் திறந்து பல வருஷமாகிவிட்டது. பழைய பேர் மட்டும் அவளை விடுவதாக இல்லை. கண்ணாடியின் தடிமனால் சோடா என்று பேர் வாங்கிய அவளுடைய உதவியாளனுக்கும் அதே கதிதான். அவன் அம்மாவே அவனை அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். விரல்களில் நீலப் பெயிண்ட் காயாமல் இருந்தது. சட்டையின் மேல் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"என் வீட்டுக்காரியைக் காணோம்."

"உட்காருங்க."

"உட்கார நேரமில்ல மேடம்! நான் ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார். அவ ஐஸ்கிரீம் கம்பெனியோட கோல்டு ஸ்டோரேஜ்ல குவாலிட்டி ஆபீசர். மத்தியானம் சாப்பிட வர்றேன்னா, வரல. போன் மட்டும் வந்துச்சு. ஒரே இரைச்சல். 'ஏங்க... இங்க உள்ள... குளிரே...' அவ்வளவுதான் கேட்டுச்சு. டொம்முனு ஒரு சத்தம். கட் ஆயிடுச்சு. திருப்பிப் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியன்னு வருது. இன்னும் அதேதான் வருது."

"ஸ்டேஷன்?"

"போனேன். 'வீட்ல ஏதாவது சண்டையா சார், சாயங்காலம் தானா வந்துடுவாங்க'ன்னு சிரிக்கிறாங்க. எங்களுக்குள்ள சண்டையே கிடையாது மேடம். நேத்து ராத்திரி அவதான் தூங்காம புரண்டுட்டு இருந்தா. 'கம்பெனியில ஒரு தப்பு நடக்குது, நாளைக்குக் கையும் களவுமா பிடிச்சுடுவேன்'னு சொன்னா."

இன்ஸ்பெக்டரம்மா அதற்குள் செருப்பில் காலை நுழைத்திருந்தாள்.

"சோடா, வண்டியை எடு. அந்த மாதிரி இடத்துல மைனஸ் பதினெட்டு வெச்சிருப்பாங்க. சாதாரணப் புடவையோட உள்ள மாட்டினா..."

வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டாள்.

கோல்டு ஸ்டோரேஜ் ஊருக்கு வெளியே, சுற்றிலும் நிழலே இல்லாத ஒரு வெட்டவெளியில் இருந்தது. கேட்டைத் தாண்டியதும் நீளமான கட்டடம். அதன் அகலமான வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கின. அவற்றின் இடுக்கில் வெள்ளைப் புகையாகக் குளிர் வழிந்துகொண்டிருந்தது. எதிரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக லாரிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குளிர்ப்பெட்டி, மொத்தம் பதினாலு. எல்லாவற்றுக்கும் சுவரிலிருந்து கரண்ட் போயிருந்தது. பதினாலு மோட்டாரும் சேர்ந்து போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனிடமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

மானேஜர் தோளில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்.

"அடடே, சார். உங்க மிஸஸ் தலை வலிக்குதுன்னு மத்தியானமே கிளம்பிட்டாங்களே? வீட்டுக்கு வரல?"

"எதுல கிளம்பினாங்க?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"ஆட்டோவுல. அவங்க ஸ்கூட்டர் பஞ்சர். அதோ நிக்குது பாருங்க."

சோடா ஸ்கூட்டர் பக்கம் போய்க் குனிந்தான். பின் டயர் தரையோடு தரையாக இருந்தது. தடவிப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில் குன்றிமணி அளவுக்கு ஒரு கறுப்பு மூடி இருந்தது.

"மேடம், பஞ்சர்னா ஆணி இருக்கணும், முள்ளு இருக்கணும். இங்க காத்தடைக்கிற வாய்க்கு மூடி மட்டும் கழண்டு பக்கத்துல கிடக்கு. மூடியைத் தானே கழட்டி வெச்சுட்டுப் பஞ்சராகுற டயரை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மானேஜரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. "என்ன சொல்றீங்கன்னு புரியல. சந்தேகமா இருந்தா தாராளமா உள்ள பாருங்க."

பார்த்தார்கள். பிளாஸ்டிக் பட்டைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் மூச்சுக்காற்று மூக்கிலேயே உறைவது போலிருந்தது. கூரை வரை இரும்பு அடுக்குகள். சிவப்புக் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெண்ணும் வேறு சில லோடு ஆட்களும் அட்டைப்பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் பின்னால் புகுந்து தேடினார்கள். வாத்தியார் ஒவ்வொரு மூலையிலும் மனைவியின் பேரைச் சொல்லிக் கத்தினார். பதில் வரவில்லை.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டரம்மா எதிர் வரிசையைக் காட்டினாள். "அந்தப் பெட்டிகளைத் திறங்க."

"அது முடியாது மேடம். எல்லாத்துலயும் சரக்கு ரொம்பியிருக்கு, வேற வேற பார்ட்டிங்க சரக்கு. திறந்தா உருகிடும். சாவியெல்லாம் டிரைவருங்க கிட்ட. பொழுது சாஞ்சாத்தான் வருவாங்க. ஒருத்தன் லீவு போட்டு ஊருக்கே போயிட்டான்."

அவள் போனை எடுத்துத் தன் பழைய ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு ஏட்டய்யாவிடம் பேசினாள். ஜீப் எல்லாம் மந்திரி வரும் ரோட்டில் நிற்கிறதாம். கிடைத்த முதல் வண்டியை அனுப்புவதாகச் சொன்னார். அது எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

வாத்தியார் அதற்குள் ஒவ்வொரு பெட்டியாகக் கையால் குத்திக்கொண்டு போனார். குத்திவிட்டுக் காதை வைப்பார். அடுத்ததற்கு ஓடுவார். அந்தப் பெட்டிகளின் சுவர் ஒரு சாண் தடிமன். போதாததற்கு மோட்டார் இரைச்சல். உள்ளே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வராது என்பது இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரியும். அவரை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க திருப்திக்கு வேணும்னா இதை வெச்சுக்கோங்க," என்று மானேஜர் ஐஸ் ரூமுக்குள் ஆணியில் தொங்கிய ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். துப்பாக்கி மாதிரியே பிடியும் விசையும் உள்ள தெர்மாமீட்டர். "தொடாமலே சூடு சொல்லும். எல்லாப் பெட்டியும் ஒழுங்கா ஓடுதுன்னு நீங்களே பார்த்துக்கலாம்."

சோடா அதை வாங்கி ஒரு லாரியின் டயரைக் குறி வைத்து அழுத்தினான். சிவப்புப் புள்ளி டயரில் விழுந்தது. ஒரு எண் வந்தது. மறுபடி அழுத்தினான், வேறு எண். மூன்றாம் தடவை இன்னும் வேறு.

"இது என்ன மேடம், எங்க மாமா மாதிரி கேக்கறப்பல்லாம் ஒரு வயசு சொல்லுது?"

"ஐஸ் ரூம்ல தொங்கினதை இந்த வேக்காட்டுல கொண்டு வந்தா அப்படித்தான். கண்ணாடியில பனி படிஞ்சிருக்கு, பாரு. இது முதல்ல வெளிச் சூட்டுக்குப் பழகணும். நிழல்ல அப்படியே வை."

வாத்தியார் ஓடி வந்தார். "பழகணுமா? அங்க அவ விறைச்சுட்டு இருக்கா மேடம்! ஒரு மிஷின் பழகுறதுக்கு நான் காத்துட்டு நிக்கணுமா?"

"தப்பு நம்பரை வெச்சுக்கிட்டுத் தப்புப் பெட்டியைத் திறந்தா அதைவிட நேரம் போகும் சார்." குரலில் கண்டிப்பு இருந்தாலும் அவள் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது.

அவர் லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நிழலில் சரக்கு அடுக்கும் ஒரு மரத் தட்டின் மேல் அந்தத் துப்பாக்கி சும்மா கிடந்தது. மூன்று பேரும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை எதிர்பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் ஒரே டயர் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது.

"இப்போ கேளு சோடா. அவங்களை மத்தியானம் ஒரு பெட்டியில தள்ளியிருந்தா அந்தக் கதவு அப்போ திறந்திருக்கு. வெளிக்காத்து உள்ள போனா ஈரம் கதவு ரப்பர்ல பனியா பிடிக்கும். அப்புறம் கதவு சரியா ஒட்டாது, குளிர் கசியும். அதனால கதவு ஓரத்து ரப்பரைத்தான் அளக்கணும். கிட்டப் போய், ஒரு ஜாண் தூரத்துல வெச்சு அள. தூரத்துல நின்னு அளந்தா அது கதவு, சுவரு, பக்கத்துல நிக்கிறவன்னு எல்லாத்தையும் கலந்து ஒரு சராசரியைச் சொல்லும். அந்தச் சிவப்புப் புள்ளி வெறும் குறி பாக்கத்தான். அளக்குற வட்டம் அதைவிடப் பெருசு."

"புரிஞ்சுது. கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் நிக்கணும்."

அவன் வரிசையில் இறங்கினான். இன்ஸ்பெக்டரம்மா மானேஜரை விட்டு நகராமல் நின்றாள். அந்த மனிதர் எந்தப் பெட்டியைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் இருக்கிறார் என்பதிலேயே அவள் கண் இருந்தது. அவரோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு!" என்று சோடா கத்தினான். "அஞ்சு! மறுபடி நாலு! ஏழு!" கொஞ்ச நேரம் கழித்து, "இது ஸ்டீல் பெட்டி, பன்னெண்டு! அடுத்தது ஆறு!" பிறகு அவன் குரலே மாறியது. "மேடம்! மைனஸ் ரெண்டு! ரப்பர் பூரா ஐஸ்!"

எல்லோரும் ஓடினார்கள். கதவின் கீழ் ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் பனி அப்பியிருந்தது. வாத்தியார் அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"திறங்க," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"மேடம், சரக்கு..."

"இந்த ஒரே ஒரு பெட்டி. உள்ள ஆள் இல்லன்னா நாங்க கிளம்பிடறோம்."

மானேஜர் அந்தக் கதவைப் பார்த்தார். "வார்த்தை மாறக்கூடாது," என்றார். ஆபீசுக்குள் போய் ஒரு சாவியோடு வந்தார்.

"சாவியெல்லாம் டிரைவருங்க கிட்டன்னு சொன்ன ஞாபகம்," என்றான் சோடா.

"இது மாத்துச் சாவி."

பூட்டு திறந்தது. கதவு விரிந்ததும் உள்ளிருந்து வெள்ளைப் புகை காலடி வரை உருண்டு வந்தது. வாத்தியார் அதற்குள் பாய்ந்தார். அட்டைப்பெட்டிகளை இரண்டு கையாலும் இழுத்து வெளியே எறிந்தார். ஒரு வரிசை, இன்னொரு வரிசை, பின்சுவர் வரை.

ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைத் தவிர ஒன்றுமில்லை.

சிவப்புக் குல்லாக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இதுல மத்தியானம் நான்தாம்மா லோடு ஏத்தினேன். கதவு சரியா சாத்தாம விட்டுட்டோம் போலிருக்கு."

"திருப்தியா?" என்றார் மானேஜர். இப்போது முகத்திலும் சிரிப்பில்லை. "வெளிய போங்க. கேட்டைச் சாத்துங்கப்பா."

கேட்டுக்கு வெளியே வாத்தியார் ரோட்டோரத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனியைப் பிடித்து இழுத்ததில் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. நீலப் பெயிண்ட் அதன்மேல் திட்டுத்திட்டாக நின்றது.

"செத்துட்டாளா மேடம்? இவ்வளவு நேரம் அந்தக் குளிர்ல ஒரு ஆள் இருக்க முடியுமா? உண்மையைச் சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டரம்மா சாத்திய கேட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்தக் குரலே காதுல நிக்குது," என்றார் வாத்தியார். "குளிரே... குளிரே..."

அவள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. அவங்க எப்படிச் சொன்னாங்களோ அப்படியே."

"குளிரே..."

"'குளிருது'ன்னு சொல்லலையா?"

"இல்ல. குளிரேன்னுதான். அதுக்குள்ள டொம்முனு..."

"குளிருதுன்னு சொல்ல வந்தவங்க குளிரேன்னு எதுக்கு ஆரம்பிக்கணும்?" அவள் சோடாவின் பக்கம் திரும்பினாள். "உன் பர்ஸ்ல எவ்வளவு இருக்கு?"

"இப்ப போய் அதைக் கேக்கறீங்களே. காசே இல்ல மேடம்."

சொல்லிவிட்டு அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"காசே இல்ல," என்றாள் அவள் மெதுவாக. "தூக்கமே இல்ல. ஆளே இல்ல. குளிரே..."

"இல்ல," என்றார் வாத்தியார். அவர் எழுந்து நின்றிருந்தார். "குளிரே இல்ல. இங்க உள்ள குளிரே இல்ல. அவ பெட்டியைச் சோதிச்சுட்டு இருந்திருக்கா!"

"குளிர் இல்லாத பெட்டிக்குள்ள நின்னுதான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க. கதவைச் சாத்தினதும் தகரச் சுவருக்குள்ள சிக்னல் போயிடுச்சு. நாம என்னடான்னா குளிர் அதிகமா இருக்கிற பெட்டியைத் தேடிட்டு இருக்கோம்." அவள் முகம் வெளுத்திருந்தது. "காத்தே புகாத பெட்டி. இந்த வெயில். சோடா, பதினாலையும் நான் சொன்ன மாதிரியே அளந்தியா? பொய் சொல்லாதே."

"பதிமூணை அளந்தேன்," என்றான் சோடா. "அந்த ஸ்டீல் பெட்டிக்கு முன்னால மரத் தட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க. கிட்டப் போக முடியல. தள்ளி நின்னு கதவு நடுவுல அடிச்சேன். பளபளன்னு பெரிய கதவு. பன்னெண்டுன்னு வந்துச்சு. ஜில்லுன்னுதானே இருக்குன்னு..."

"அந்தக் கதவுல உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"என்ன தெரியும்? என் மூஞ்சி தெரிஞ்சுது. பின்னால ஐஸ் ரூம் வாசல்..."

"அட மடையா! பளபளக்கிற இரும்பு தன் சூட்டைச் சொல்லாதுடா. எதிர்ல இருக்கிறதோட சூட்டைத் திருப்பி அடிக்கும். நீ பெட்டியை அளக்கல. ஐஸ் ரூமை அளந்துட்டு வந்திருக்கே!"

வாத்தியார் அதற்குள் கேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் குதித்துத் தாழ்ப்பாளை இழுத்துவிட்டார். மூன்று பேரும் தகரக் கூரையை நோக்கி ஓடினார்கள்.

"துப்பாக்கி?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா ஓடிக்கொண்டே.

"என் பாக்கெட்லதான் இருக்கு. திருப்பித் தரச் சொல்லி யாரும் கேக்கல."

மானேஜர் கத்திக்கொண்டே வந்தார். "புடிச்சு வெளிய தள்ளுங்கடா!" லோடு ஆட்கள் குழப்பத்தோடு நெருங்கினார்கள். வாத்தியார் மரத் தட்டுகளைத் தள்ளிச் சாய்த்தார். ஸ்டீல் பெட்டி மற்றவற்றில் பாதிதான் இருந்தது. கொண்டியில் மூன்று பூட்டு தொங்கியது.

இன்ஸ்பெக்டரம்மா லோடு ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். அடிதடியில் இறங்கினால் தோற்கப்போவது தாங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம் கவனிங்க. அப்புறம் தூக்கிப் போடறதுன்னா போடுங்க. இந்தக் கதவு, பாருங்க." சோடாவிடமிருந்து துப்பாக்கியை வாங்கி அழுத்தினாள். பன்னிரண்டு. "சோடா, கதவுக்கு நேரா வந்து நில்லு." அவன் நின்றான். எண் முப்பதுக்குத் தாவியது. "தள்ளு." மறுபடி பன்னிரண்டு. "இவன் நின்னா கதவு சுடுமா? இது இவன் உடம்புச் சூடு. அது எதிர்ல இருக்கிற ஐஸ் ரூம் குளிர். கதவோட நெசமான சூடு இது ரெண்டும் இல்ல."

சோடா சுவரில் கரண்ட் ஒயர்களைச் சுற்றியிருந்த இடத்திலிருந்து ஒரு துண்டு கறுப்பு டேப்பை உரித்துக்கொண்டு வந்தான். கதவில் ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தான். இரும்பின் சூடு டேப்பில் ஏறுவதற்காக அவள் காத்திருந்தாள். வாத்தியாரின் மூச்சு அவள் காதருகில் கேட்டது.

"டேப் பளபளக்காது. அது பொய் சொல்லாது." கிட்டப்போய் டேப்பின் மேல் அழுத்தினாள். "நாப்பது."

கதவோரத்து ரப்பரில் வைத்தாள். "நாப்பத்தொண்ணு. நிழல்லதான் நிக்குது, வெயில் படல." பக்கத்துப் பெட்டியின் ரப்பரில் வைத்தாள். "ஆறு. இந்த ஸ்டீல் பெட்டியில குளிரே கிடையாது. ஃபேன் மட்டும் சும்மா சுத்துது. இதுல ஏத்தி உருகிப்போன சரக்கைத் திரும்ப உறைய வெச்சு அனுப்பறதை அந்தம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்க உள்ள இருக்காங்க."

"அது... அது காலிப் பெட்டி," என்றார் மானேஜர்.

"சரக்கு ரொம்பியிருக்குன்னீங்க?"

"ரிப்பேர்ல இருக்கு..."

"ரிப்பேர்ல இருக்கிற காலிப் பெட்டிக்கு மூணு பூட்டா சார்?" என்றான் சோடா. "எங்க வீட்ல பீரோவுக்கே பூட்டு கிடையாது."

சிவப்புக் குல்லாக்காரி முன்னால் வந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, டேப்பில் வைத்துத் தானே ஒரு தடவை அழுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். மானேஜரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கடப்பாரையோடு திரும்பி வந்தாள்.

மானேஜர் கேட்டை நோக்கி ஓடினார். இரண்டு லோடு ஆட்கள் அவர் பின்னால் ஓடினார்கள். அவருக்கு உதவி செய்வதற்காக அல்ல.

கொண்டியில் கடப்பாரையை நுழைத்து மூன்று பேர் தொங்கினார்கள். இரும்பு முனகியது. ஒரு பூட்டு தெறித்தது. இன்னொன்று. மூன்றாவது விடவில்லை. வாத்தியார் கடப்பாரையின் நுனியில் மார்பை வைத்து முழு உடம்பாலும் அழுத்தினார். கொண்டியே பெயர்ந்து விழுந்தது.

கதவு திறந்தபோது புகை வரவில்லை. புளித்த பால் வாடையோடு, அடுப்பைத் திறந்தது போல ஒரு வெக்கை முகத்தில் அறைந்தது.

வாத்தியாரின் மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை தண்ணீரில் முக்கி எடுத்தது போல உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. அந்தக் கண் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. தன் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மடியில் ஒரு தலை இருந்தது.

காக்கிச் சட்டை, நரைத்த மீசை. ஊருக்குப் போய்விட்டதாக மானேஜர் சொன்ன டிரைவர்.

பெட்டியின் மூலையில் தரையோரம், உருகும் தண்ணீர் வெளியேற விரலளவு ஒரு ஓட்டை இருந்தது. அந்தப் பெட்டிக்குள் வெளிக்காற்று வருவதற்கு இருந்த ஒரே வழி. அவருடைய மூக்கு அந்த ஓட்டைக்கு நேராக இருக்கும்படி அவள் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து வைத்திருந்தாள். கை விறைத்து அப்படியே நின்றுபோயிருந்தது. பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"அவரை முதல்ல," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவர்தான் எனக்குப் பெட்டியைக் காட்டினாரு. ரெண்டு பேரும் உள்ள இருக்கும்போது சாத்திட்டான். அவருக்கு மூச்சு... முதல்ல அவரை..."

இருவரையும் தூக்கி வந்து ஐஸ் ரூம் வாசலில் படுக்க வைத்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வாத்தியார் மனைவியின் வாயில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டார். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. லோடு ஆட்கள் டிரைவரின் சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் மார்பைத் துடைத்து, அட்டையால் விசிறினார்கள். மார்பு ஏறி இறங்கியது. ரொம்ப மெல்ல. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

கேட்டில் சோடாவின் கார் வழியை அடைத்து நின்றிருந்தது. மானேஜர் அதைத் தாண்டப் போய் லோடு ஆட்களிடம் மாட்டியிருந்தார். தூரத்தில் ஜீப் சத்தமும், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தமும் கேட்டன.

"அந்த ஆளை யாருமே தேடல மேடம்," என்றான் சோடா. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். "நாம தேடினது ஒருத்தரை. இவரைத் தேடி ஒருத்தர்கூட வரல."

அப்போது டிரைவரின் பேன்ட் பாக்கெட்டில் போன் அடித்தது. பெட்டிக்குள் செத்துக் கிடந்த சிக்னல் இப்போதுதான் வந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரம்மா அதை எடுத்தாள். திரையில் 'வீடு' என்று இருந்தது. அதற்குக் கீழே, எடுக்காமல் விட்ட அழைப்புகள் வரிசையாக, எல்லாம் அதே பேரில்.

அவள் எத்தனையோ வீடுகளுக்குப் போன் செய்து எத்தனையோ செய்தி சொன்னவள். இதை எடுக்க விரல் வரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

டிரைவரின் வலது கை தரையில் நகர்ந்தது. கண் மூடித்தான் இருந்தது. விரல்கள் மட்டும் பாக்கெட்டைத் தேடித் தட்டுத் தடுமாறின.

"குடுங்க மேடம்," என்றாள் குவாலிட்டி ஆபீசர். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். போனை வாங்கிக் காதில் வைத்தாள். இன்னொரு கையால் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் ஊருக்குப் போனதற்காக அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் படபடவென்று திட்டுவது எல்லோருக்கும் கேட்டது.

அவள் குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணி, நான் ஆபீசர் பேசறேன். அண்ணன் ஊருக்கெல்லாம் போகல. இங்க என் பக்கத்துலதான் இருக்காரு. மூச்சு இருக்கு, கையை அசைக்கிறாரு. அழாதீங்க. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் அவர் கையை விட மாட்டேன்."